வாழையைத் தொடரும் வாடல் நோய்

நாம் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளின் அங்காடிகளில் வாழைப்பழம் என்றால் பெரும்பாலும் ஒரே இனந்தான். கதலி, கப்பல், இதரை என இனம் பிரித்து உண்டு பழகிய எமக்கு இது விந்தையே. கவண்டிஷ் எனப்படும் அவ்வினம் உலக ஏற்றுமதிச் சந்தையை ஏறக்குறைய முழுமையாகக் கைக்கொண்டிருக்கின்றது. அந்த இடத்தை அதற்குப் பெற்றுக்கொடுத்தது சுவையன்று, ஒரு நோய்.

1876 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகர மருத்துவர் ஜோசப் பான்குறொவ்ற் வாழைகள் வாடி மடிவதை முதன்முதலிற் பதிவு செய்தார். பின்னர் மத்திய அமெரிக்கப் பெருந்தோட்டங்களை அழித்தமையால் 'பனாமா நோய்' என்ற பெயரே அதற்கு நிலைத்தது. மண்ணில் வாழும் பங்கசு ஒன்று வேர்வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகின்றது. அதன் வித்திகள் பல தசாப்தங்கள் மண்ணில் உறங்கிக்கிடக்க வல்லவை. மருந்து தெளித்துப் பயனில்லை.

அக்காலத்தில் சந்தையை ஆண்டது குறோ மிசெல் என்னும் இனம். தோல் தடித்தது, குலையோடு கப்பலேற்றலாம். ஆனால் வாழையைக் குட்டி பெயர்த்தே நடுகின்றோம். ஆகவே பெருந்தோட்டத்து மரங்கள் யாவும் ஒரே மரத்தின் பிரதிகள். ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். அமெரிக்கக் கம்பனிகளோ இனத்தை மாற்றாது, நோயுற்ற நிலத்தைக் கைவிட்டுக் காடு வெட்டிப் புதுநிலம் தேடின. வெட்டுவதற்கு நிலம் அருகிய பின்னரே, 1960களில், அந்நோய்க்கு ஈடுகொடுத்த கவண்டிஷுக்கு மாறி முடித்தன. எளிதிற் கன்றிப்போகும் அப்பழத்துக்காகவே அட்டைப்பெட்டிகள் வந்தன.

இனம் மாறிற்று, ஓரினத்தையே நம்பும் வழக்கம் மாறவில்லை. 1960களின் பிற்பகுதியிலேயே தாய்வானில் கவண்டிஷ் வாடத் தொடங்கிற்று. அதனைத் தாக்கிய புதிய பங்கசு வகை 1997 இல் டார்வின் பகுதியிலும், 2015 இல் குயீன்ஸ்லாந்திலும், 2019 இல் கொலம்பியாவிலும் கண்டறியப்பட்டது.

குயீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜேம்ஸ் டேல் குழுவினர் மாற்றுவழியைத் தேடியது தென்கிழக்காசியக் காட்டு வாழையில். உண்ண உதவாத, விதை நிறைந்த அவ்வாழை இந்நோய்க்கு அசைவதில்லை. அதிலிருந்து ஒரு பரம்பரையலகைப் பிரித்தெடுத்துக் கவண்டிஷிற் புகுத்தினர். அதே பரம்பரையலகு கவண்டிஷிலும் உண்டு. ஆனால் அங்கு அது மந்தமாகவே தொழிற்படுகின்றது. பங்கசு படிந்த வடபுல மண்ணில் 2012 முதல் 2015 வரை நடத்திய பரிசோதனையில், மாற்றஞ்செய்யாத மரங்களுள் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நோயுற்றன அல்லது மடிந்தன. மாற்றஞ்செய்த வரிசை ஒன்று மூன்று ஆண்டும் நோயின்றி நின்றது.

இச்சாதனையை நாம் வரவேற்கின்றோம். எனினும் காப்பாற்றப்படுவது மீண்டும் அதே ஓரினமே என்பதும், அதற்கு உயிர் தந்தது எவரும் விலைக்கு வாங்காத காட்டு வாழை என்பதும் எம்மை உறுத்துகின்றன.

2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசு இவ்வாழையைப் பயிரிடவும் உண்ணவும் அனுமதி வழங்கியது. உடனடியாகச் சந்தைப்படுத்தும் எண்ணமில்லை என்றும், குயீன்ஸ்லாந்துத் தோட்டங்களை நோய் பெருமளவில் தாக்குமாயின் பயன்படுத்துதற்குரிய சேமிப்பாகவே வைத்திருப்பதாகவும் பல்கலைக்கழகத்தார் அப்போது தெரிவித்தனர்.