வீரமாமுனிவர் பிறந்த மண்ணில்

வட இத்தாலியின் மாந்துவா நகரை மூன்று புறமும் ஏரிகள் சூழ்ந்துள்ளன. சதுப்பாய்ப் பரவிக் கிடந்த மிஞ்சியோ ஆற்று நீரை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடக்கி அமைத்த ஏரிகள் அவை. கொன்சாகா குடியினர் 1328 முதல் 1707 வரை இந்நகரை ஆண்டனர். அவர்தம் அரண்மனையின் ஓவியச் சிறப்பைச் சுற்றுலா நூல்கள் நிறையவே கூறும். நாம் அதனை விடுத்து வயல்வெளிக்குச் செல்வோம்.

நகருக்குக் கிழக்கே நெல் விளைகிறது. இவ்வட்டாரத்து அரிசியுணவு ஒன்றுக்கு, நெல் குத்திய தொழிலாளரின் பெயரே வழங்குகிறது. அப்பெயரோ உரலைக் குறிக்கும் 'பிலா' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. (அதில் பன்றியிறைச்சி கலந்திருக்கும், மரக்கறி உண்போர் முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.) உழவுத் தொழிலை இலத்தீனில் பாடிய வர்ஜில் கி.மு. 70இல் இந்நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். ஏறத்தாழ 1750 ஆண்டுகளுக்குப் பின் இதே நாட்டுப்புறம் மற்றொரு காப்பியப் புலவரை ஈன்றது. அவர் பாடியது தமிழில்.

மாந்துவாவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. பண்டைப் பனியாறு கொண்டுவந்து குவித்த தாழ்ந்த குன்றுகள். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். கான்ஸ்டன்ஸோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இங்கே பிறந்தார். 1710இல் கோவாவில் வந்திறங்கியபோது அவருக்கு அகவை ஏறத்தாழ முப்பது. அதன் பின்னரே தமிழின் அரிச்சுவடியைத் தொட்டார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நாம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அவ்வூரின் கல் பதித்த தெருவில் நடந்தபோது அச்சொல் நம்மை உறுத்தாமல் இல்லை. அந்நாளில் எகர ஒகரக் குறில்களைப் புள்ளியிட்டுக் காட்டுவது மரபு. ஓலையில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். 'எரி' என்பதா 'ஏரி' என்பதா என்று படிப்பவரே இடம் நோக்கி உய்த்துணர வேண்டும். முனிவர் நெடிலுக்குத் தனிக்குறி வகுத்து அவ்விடரை நீக்கினார். பிறமொழியாளராய் வந்து தட்டுத்தடுமாறிக் கற்றவர்க்கே இக்குறை பெரிதாய்த் தெரிந்திருக்கும் என்பது நம் கருத்து.

1726இல் நிறைவுற்ற அவருடைய தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்டது. அதில் சூதேய நாடு, கம்பன் காட்டிய வழியில், நீர்வளமும் நெல்வளமும் மிக்க நாடாகவே தோன்றும். காவிரிக்கரை தந்த காட்சி அது என்பர்; மறுப்பதற்கில்லை. எனினும் வயலும் வாய்க்காலும் அவர் பிறந்த மாநிலத்தும் உண்டு என்பதை நேரில் கண்டபின் நமக்கு ஓர் ஐயம் எழுந்தது.

இவ்வூருக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1859 ஜூன் 24 அன்று அண்மையிலுள்ள சொல்ஃபெரினோவில் பிரெஞ்சு, சார்டீனியப் படைகள் ஓரணியாகவும் ஆஸ்திரியப் படை எதிரணியாகவும் பொருதன. காயமுற்றோர் வண்டி வண்டியாகக் காஸ்திலியோனேயில் வந்து குவிந்தனர். கோவில்களும் வீடுகளும் நிரம்பின. தெருக்களில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினர். மருத்துவரோ மிகச் சிலர். ஊர்ப் பெண்கள் தண்ணீரும் துணிக்கட்டும் ஏந்தி வந்து, நண்பர் பகைவர் என்று பாராமல் அனைவர்க்கும் பணி செய்தனர். 'எல்லோரும் உடன்பிறந்தார்' என்பது அவர்கள் வாய்மொழி. சொந்த அலுவலாய் அங்கு வந்திருந்த ஹென்றி துனான் என்னும் ஜெனீவா வணிகர் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். கண்டவற்றை 1862இல் நூலாக்கினார். அதன் விளைவாய்த் தோன்றியதே செஞ்சிலுவை இயக்கம். 1864இல் முதல் ஜெனீவா உடன்பாடு கையொப்பமாயிற்று. 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற இருவருள் துனான் ஒருவர்.

சொல்ஃபெரினோவில் ஒரு சிறு கோவில் உள்ளது. போரில் மடிந்தோரின் மண்டையோடுகள் அதன் சுவரில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. எது ஆஸ்திரியனுடையது, எது பிரெஞ்சுக்காரனுடையது என்று எழுதிவைக்கவில்லை. நாம் வெளியே வந்தபோது குன்றின் கீழே திராட்சைக் கொடிகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.