15 நிமிஷம் தான் இருப்பேன்

எங்க மாமா ஒருத்தர். அம்மாவோட கூடப் பிறந்தவர். நல்லா குடிப்பார். "நல்லா"ங்கிற வார்த்தைக்கு இதைவிட மோசமான உபயோகம் இருக்க முடியாது. சில வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, "குடியை நிறுத்தினவங்க சேர்ந்து மீட்டிங் போடறாங்களாமே, கூட்டிட்டுப் போறியாடா?"ன்னு அவரே கேட்டார். அங்க இங்க விசாரிச்சு, விலாசம் வாங்கி, மாடிப்படி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன். மேலே லைட் எரியுது, பேச்சுக்குரல் கேக்குது. மாமா படியில கால் வைக்கல. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்டா" என்றார். டீக்கடைக்குப் போனோம். அங்கிருந்து அப்படியே வீட்டுக்கு வந்துட்டோம்.

எனக்குச் செம கோவம். விலாசம் கண்டுபிடிச்சுக் குடுத்தாச்சு, இன்னும் என்ன வேணும்? அந்தக் கோவத்துல தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமா ஏ.ஏ.) பிறந்த கதையைத் தேடிப் படிச்சேன். படிச்சதும் கோவம் போயிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

1935 மே மாசம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரம். டயர் கம்பெனிகளுக்குப் பேர் போன ஊர். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், ஒரு கம்பெனி நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக அங்கே வந்திருந்தார். அது தோத்துப் போச்சு. குடியால் எல்லாத்தையும் இழந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, 1934 டிசம்பரில் தான் குடியை விட்டவர். மே 11, சனிக்கிழமை. மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் தனியா நிக்கிறார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிஃபோன், பக்கத்துலயே ஊரில் உள்ள சர்ச்சுகளின் பட்டியல்.

அவர் தேடினது டாக்டரை இல்லை, சாமியாரை இல்லை. இன்னொரு குடிகாரரை! அதுக்கு முன்னாடி அஞ்சு மாசமா எத்தனையோ குடிகாரர்களைத் திருத்தப் பார்த்தார், ஒருத்தரும் திருந்தல. ஆனா அப்படிப் பேசிட்டிருந்த நாளெல்லாம் தான் குடிக்காம இருந்தது அவருக்கு அப்போ உறைச்சுது. பட்டியலில் இருந்து ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். அவர் சில பெயர்கள் குடுத்தார். ஒவ்வொருத்தரா முயற்சி பண்ணி, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைச்சார். குட்இயர் டயர் கம்பெனியை நிறுவினவரோட மருமகள்.

அவருக்குத் தெரிஞ்ச குடிகாரர் ஒருத்தர் இருந்தார். டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர், வயசு 55. அன்னிக்கே வரச் சொல்லலாம்னா மனுஷர் வீட்டில் போதையில் கிடக்கிறார். மறுநாள், மே 12, அன்னையர் தினத்தன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்கு, மனைவிக்காக வேண்டாவெறுப்பா வந்தார். கண்டிஷன்: "15 நிமிஷம் தான்." எழுந்து போகும்போது ராத்திரி 11 மணி தாண்டியிருந்தது.

இதில் தான் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஒரு விஷயம் புரிஞ்சது. டாக்டர் பாப் அதுக்கு முன்னாடியே சுமார் ரெண்டரை வருஷமா ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற ஆன்மிகக் குழுவின் கூட்டங்களுக்குப் போயிட்டிருந்தவர். கூட்டம் அவருக்குக் கிடைச்சது, குடி நிக்கல. அங்கே எல்லாரும் நல்லவங்க, அறிவுரை சொல்றவங்க. பில் அறிவுரையே சொல்லல. தன் கதையைச் சொன்னார். குடிநோயை அனுபவிச்சே தெரிஞ்சுக்கிட்ட ஒரு ஆளிடம் பேசினது அதுதான் முதல் தடவைன்னு டாக்டர் பாப் பின்னால் எழுதியிருக்கார்.

உடனே திருந்திட்டார்னு நினைக்காதீங்க. சில வாரத்திலேயே அட்லாண்டிக் சிட்டியில் டாக்டர்கள் மாநாட்டுக்குப் போய் தலைகால் தெரியாம குடிச்சுட்டுத் திரும்பினார். ஒரு ஆபரேஷன் வேற காத்துட்டிருக்கு. கை நடுக்கம் நிக்க பில்லே ஒரு பீர் குடுத்து அனுப்பினாராம். அதுதான் கடைசி. 1935 ஜூன் 10, ஏ.ஏ.வின் பிறந்தநாளாக் கொண்டாடறது அந்த நாளைத் தான். 1950-ல் சாகும் வரை அவர் தொடல. அடுத்து ரெண்டு பேருமா ஆக்ரன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாங்க. மூணு பேர் ஆச்சு.

1939-ல் புத்தகம் வந்துது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகையில் ஜாக் அலெக்ஸாண்டர் கட்டுரை எழுதினார். சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர்கள் அந்த வருஷக் கடைசியில் 8,000 ஆனாங்க. குடும்பத்தாருக்குன்னு அல்-அனான் 1951-ல் வந்துது, அதைத் தொடங்கினவர்களில் ஒருத்தர் பில்லின் மனைவி லோயிஸ். இதெல்லாம் பலிக்குதான்னு கேக்கறவங்களுக்கு: 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வு, 10,000 பேருக்கு மேல் சம்பந்தப்பட்ட 27 ஆய்வுகளை அலசி, குடியை முழுசா விடறதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளுக்கு இணையா, சிலதைவிட மேலாவே இருக்குன்னு சொல்லுது. ஒரு எச்சரிக்கையும் சொல்லணும்: தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். டாக்டரைப் பார்த்துட்டுத் தான் நிறுத்தணும்.

மாமா கதைக்கு வர்றேன். இதையெல்லாம் படிச்சப்புறம் அந்த மீட்டிங் நம்பருக்கு மறுபடி ஃபோன் பண்ணி, "என் மாமாவால படியேற முடியல சார்" என்றேன். எதிர்முனையில் இருந்தவர் சிரிச்சார். "நான் மூணு வாரம் டீ குடிச்சேன் தம்பி. அவர்கிட்ட ஃபோனைக் குடுங்க."

முக்கால் மணி நேரம் பேசினாங்க. மாமா அதிகமா "ம்", "ஆமாங்க" மட்டும் தான் சொன்னார். அடுத்த ஞாயித்துக்கிழமை படிக்கட்டுக்குக் கீழே அந்த மனுஷர் வந்து நின்னார். ரெண்டு பேரும் சேர்ந்து மேலே போனாங்க. நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் ரெண்டு தடவை வழுக்கினார். மறுபடியும் போனார். இப்பவும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா சட்டையை மாத்திட்டுக் கிளம்பறார். கொஞ்சம் சீக்கிரமாவே போறார். படிக்கட்டுக்குக் கீழே யாராவது புதுசா நிப்பாங்களாம்.