தலைசுற்றலில் தொடங்கிய சிகிச்சை

1896ஆம் ஆண்டு பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் ஆர்சென் தார்சோன்வால், பெரியதொரு கம்பிச்சுருளுக்குள் மனிதர் தலையை வைக்கச் செய்து, அச்சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினார். கண்முன் ஒளி மினுங்கியது, தலை சுற்றியது, சிலர் மயங்கியும் விழுந்தனர். காந்தப்புலத்தால் மனிதத் தலைக்குள் நேர்ந்ததாகப் பதிவான முதல் விளைவுகளுள் ஒன்று நிலைதடுமாற்றம். இன்று அதே கோட்பாட்டைக் கொண்டு முதியோரின் தடுமாற்றத்தைக் குறைக்க முடியுமா என்று ஆய்வுக்கூடங்கள் கேட்கின்றன.

இதை எழுதத் தூண்டியது எங்கள் குடும்பக் குழுவில் வந்த ஒரு விளம்பரம். காந்தப் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டால் முதியோர் விழமாட்டார்கள் என்றது அது. "பாட்டிக்கு வாங்கட்டுமா?" என்று சித்தி கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்கு 1831 வரை பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கிறது.

அவ்வாண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டது இது: மாறுகின்ற காந்தப்புலமே அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும், அசையாமல் கிடக்கும் காந்தம் தூண்டாது. தலையில் கட்டிய பட்டை, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய காந்தத்தைப் போன்றதே. நரம்பணுவைத் தூண்டவேண்டுமாயின் வலிமையான புலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எழுந்து அடங்கவேண்டும். தார்சோன்வாலின் சுருளுக்கு அந்த வேகம் இல்லை. 1910இல் சில்வானஸ் தாம்சன் தம் தலையையே சுருளுக்குள் வைத்துப் பார்த்தார். ('கால்குலஸ் மேட் ஈஸி' எழுதிய அதே தாம்சன்தான், அந்நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.) அவர் கண்டதும் ஒளி மினுக்கமே. அது மூளையில் அன்று, விழித்திரையில் பிறப்பது என்பது 1947இல்தான் தெளிவாயிற்று.

மூளையை நேரடியாக மின்னால் தூண்டும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அதில் ஒரு பெயரைக் கடந்துசெல்ல எனக்கு மனம் வரவில்லை. 1874இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மேரி ராஃபர்ட்டி என்னும் வீட்டுப் பணிப்பெண் மருத்துவமனையில் இருந்தார். புற்றுப்புண் அரித்து அவரது மண்டையோட்டில் துளை விழுந்திருந்தது. மருத்துவர் ராபர்ட் பார்த்தோலோ அத்துளை வழியே மூளைக்குள் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். எதிர்ப்பக்கக் கைகால்கள் துடித்தன. மின்னோட்டத்தைக் கூட்டினார், வலிப்பு வந்தது. சில நாள்களில் மேரி இறந்தார். கண்டனம் எழுந்தபின் பார்த்தோலோ வருத்தம் தெரிவித்து எழுதினார். சிகிச்சைக்காக வந்தவர் ஆய்வுப் பொருளாக்கப்பட்டார்.

1980இல் இங்கிலாந்தில் மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையைத் திறக்காமலேயே உச்சந்தலைத் தோல்வழி உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திக் கையை அசைத்துக் காட்டினர். ஆனால் வலித்தது. ஐந்தாண்டுகள் கழித்து ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர், ரேசா ஜாலினஸ், இயன் ஃப்ரீஸ்டன் ஆகியோர் மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலைக் கம்பிச்சுருள் வழியாக ஒரே கணத்தில் விடுவித்தனர். காந்தப்புலத்தை எலும்பு தடுப்பதில்லை. வலியின்றிக் கை துள்ளியது. 'லான்செட்' இதழில் வந்த அக்கட்டுரை மிகச் சிறியது.

சமநிலைக்கு வருவோம். உடலின் நிலைப்பை ஒழுங்குசெய்யும் உறுப்புகளுள் முதன்மையானது சிறுமூளை. இலத்தீனில் 'செரிபெல்லம்' என்பதற்கும் சிறிய மூளை என்றே பொருள். இவ்வளவு நேராகப் பொருந்தும் கலைச்சொற்கள் நமக்கு அதிகம் வாய்க்கவில்லை. 2019இல் இத்தாலிய ஆய்வாளர்கள், பக்கவாதத்தால் ஒருபக்கம் வலுவிழந்த 36 பேரை இரு குழுக்களாக்கினர். ஒரு குழுவினருக்கு மூன்று வாரம் இயன்முறைப் பயிற்சிக்கு முன் சிறுமூளைமீது காந்தத் துடிப்புகள், மற்றவர்க்குப் பொய்த்தூண்டல். உண்மைத் தூண்டல் பெற்றோர் நடையிலும் சமநிலையிலும் கூடுதலாக முன்னேறினர்.

இம்முடிவை அப்படியே எல்லா முதியோர்க்கும் நீட்டிவிட முடியாது. அவர்கள் பக்கவாத நோயாளிகள். பயிற்சியும் உடன் நடந்தது. முதுமையில் மூளை சுருங்குவதால் சுருளுக்கும் மூளைக்கும் இடைப்பட்ட தொலைவு கூடும். தொலைவு கூடினால் புலம் விரைந்து குறையும். பிடரித் தசைகள் குறுக்கே இருப்பதால் சிறுமூளைத் தூண்டல் அசௌகரியமாகவும் இருக்கும். பொய்த்தூண்டலிலும் சிக்கல் உண்டு: உண்மைச் சுருள் 'டக்' என ஒலித்துத் தலையைத் தட்டும், அதைப் போலி செய்வது எளிதன்று. இதயமுடுக்கியோ செவிக்குள் பொருத்திய கருவியோ உள்ள முதியவர் இச்சுருளருகே செல்லும்முன் மருத்துவர் ஆராயவேண்டும்.

ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பங்கினர் முதியோர். 'தள்ளாத வயது' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடப்பதன் அளவு இது. தற்போது உறுதியான சான்றுள்ள வழி உடற்பயிற்சிதான். 108 சோதனைகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அது விழும் வீதத்தை 23 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது.

சித்திக்கு இதையெல்லாம் எழுதவில்லை. பெர்க் சமநிலை அளவீட்டை மட்டும் அனுப்பினேன். 14 செயல்கள், 56 மதிப்பெண். நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கி ஒற்றைக்காலில் நிற்பதில் முடிகிறது. அதை இயன்முறை மருத்துவர் ஒருவர் முன்னிலையில் செய்துபார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாட்டி சம்மதித்துவிட்டார், ஒற்றைக்காலுக்கு மட்டும் இன்னும் இல்லை.