கிரெயினிலிருந்து மில்லிகிராமுக்கு

அட்ரோபின் என்னும் ஊசி மருந்து நம் நாட்டில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் என்ற அளவில் வருகிறது. அரை மில்லிகிராம் என்றோ ஒரு மில்லிகிராம் என்றோ இராமல் இதென்ன கணக்கு என்று ஒருவர் வியக்கக்கூடும். பழைய நிறையளவு ஒன்று இவ்வெண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மருந்துச் சீட்டுகளில் வழங்கியது கிரெயின். தானிய மணி என்பது அச்சொல்லின் பொருள். ஒரு கிரெயின் ஏறக்குறைய 64.8 மில்லிகிராம். அட்ரோபினை அதில் நூறில் ஒரு பங்கு என்று எழுதினார்கள், அதாவது 0.648 மில்லிகிராம். வால் எண்களை நீக்கியபின் எஞ்சியது 0.6. ஐந்து கிரெயின் ஆஸ்பிரின் கணக்கின்படி 324 மில்லிகிராம். அமெரிக்கர் அதனை 325 ஆக்கினர். பிரிட்டனிலோ 300 ஆயிற்று. மூல அளவு ஒன்று, மாத்திரை இரண்டு!

நம் பாராளுமன்றம் 1956-இல் எடை அளவைச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்திற்கு வந்தன. 180 கிரெயின் கொண்ட தோலா 11.66 கிராமாகும். ஆயினும் 1978-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆயுர்வேத மருந்துத் தொகுப்பு, தோலாவை 12 கிராம் என்றும், அதன் 96-இல் ஒரு பங்கான குஞ்சாவை, அதாவது நம் குன்றிமணியை, 125 மில்லிகிராம் என்றும் வசதி கருதி வகுத்துக்கொண்டது.

கிராமை ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிகிராம். அதனை மீண்டும் ஆயிரத்தால் பெருக்கினால் மைக்ரோகிராம். கணக்கு எளிதாயிற்று என்பது மெய்யே. ஆனால் பிழையின் அளவு பெருகிற்று. கிரெயினில் 150-இல் ஒரு பங்கு கொடுக்க வேண்டிய இடத்தில் 100-இல் ஒரு பங்கு கொடுத்தால், மருந்து ஒன்றரை மடங்காகும். தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தாலோ பத்து மடங்கு. அலகே மாறிவிட்டால் ஆயிரம் மடங்கு. இருதய நோய்க்குத் தரும் டிகாக்ஸின் மாத்திரை 0.25 மில்லிகிராம், அதாவது 250 மைக்ரோகிராம். இதனை 250 மில்லிகிராம் என்று ஒருவர் படித்துவிட்டால், அது ஆயிரம் மாத்திரைக்குச் சமம், உயிருக்கே உலை.

தமிழில் இவ்விடர் சற்று அதிகம். மில்லிகிராமை ‘மி.கி.’ என்றும் மைக்ரோகிராமை ‘மை.கி.’ என்றும் சுருக்குகிறோம். ஆயிரம் மடங்கு வேற்றுமையை ஓர் உயிர்க்குறி மட்டுமே தாங்கி நிற்கிறது. மொழிபெயர்க்கும்போது நான் மைக்ரோகிராம் என்று முழுமையாகவே எழுதிவிடுவது வழக்கம், அட்டவணையில் இடம் போதவில்லை என்று அச்சுக்கோப்பவர் குறைபட்டுக்கொண்டாலும்.