உடைந்த ஸ்பேனருக்குப் புது ஸ்பேனர்

இன்று ஆன்லைனில் ஒரு ஸ்பேனர் வாங்குவது இரண்டு நிமிட வேலை. படத்தைப் பார்க்கிறோம், நட்சத்திரங்களை எண்ணுகிறோம், பணம் கட்டுகிறோம், முடிந்தது. ஆனால் அமெரிக்காவில் கொஞ்சம் வயதானவர்கள் கைக்கருவி வாங்கிய கதையை ஆரம்பித்தால் இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். ஒன்று சியர்ஸ் என்ற கடை. இன்னொன்று அங்கே விற்ற கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள். காமர்ஸ் படிக்கிற எனக்கு அவர்களுடைய ஏக்கத்தைவிட அதற்குள் ஒளிந்திருக்கும் வியாபாரப் பாடம்தான் சுவாரசியமாகப் பட்டது.

கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயர் 1927ல் சியர்ஸ் கைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகளை சியர்ஸ் தயாரிக்கவில்லை. வேறு கம்பெனிகள் செய்து கொடுத்தன, சியர்ஸ் தன் பிராண்டைப் போட்டு விற்றது. அப்படியானால் ஜனங்கள் எதை நம்பி வாங்கினார்கள்? ஒரு வாக்குறுதியை. ஸ்பேனரோ ஸ்க்ரூ டிரைவரோ உடைந்தால் கடைக்கு எடுத்துப் போனால் போதும், காசு வாங்காமல் வேறு ஒன்று கொடுத்துவிடுவார்கள். பில் தேவையில்லை. அப்பா வாங்கியதை மகன் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்த கதைகள் ஏராளம்.

நம் ஊர் 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆவது பிரிவைப் படித்தவர்களுக்குத் தெரியும், பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதுதான் அடிப்படை, விதிவிலக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். சியர்ஸ் இதைத் தலைகீழாக மாற்றியது. கருவி கெட்டுப் போனால் கவலைப்பட வேண்டியது விற்றவர்! இது தர்மம் இல்லை, கணக்கு. நல்ல இரும்பில் செய்த ஸ்பேனர் எளிதில் உடையாது. உடைந்ததை மாற்ற வருகிறவரும் கடைக்குள் நடந்துதான் ஆக வேண்டும். நடக்கிறவர் வேறு எதையாவது பார்ப்பார், வாங்குவார். கையில் எடுத்து எடை பார்க்கலாம், ராட்செட்டைத் திருப்பி அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்கலாம். இன்று பலரும் ஏங்குவது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். இந்த சியர்ஸே ஒரு காலத்து 'ஆன்லைன்' வியாபாரிதான்! மின்னசோட்டாவில் ரயில் நிலைய ஏஜென்டாக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ் 1886ல் கடிகாரங்கள் விற்க ஆரம்பித்தார். பிறகு அது தபாலில் கேட்டலாக் அனுப்பி விற்கும் பெரிய கம்பெனியானது. 1896ல் கிராமப்புற வீடுகளுக்கே இலவசமாகத் தபால் கொண்டு கொடுக்கும் திட்டம் வந்தது, 1913ல் பார்சல் தபால் வந்தது. இரண்டும் சேர்ந்து கேட்டலாக்கை ஊர் ஊராகக் கொண்டு போயின. சியர்ஸின் முதல் கடை திறந்ததே 1925ல்தான். அதற்கு முன்பு சின்ன ஊர்களின் கடைக்காரர்கள் இந்தக் கேட்டலாக்கை எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், சில ஊர்களில் அவற்றைச் சேகரித்துத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். இன்று நாம் அமேசானைத் திட்டுவதைவிடக் கொஞ்சம் அதிகம்தான் :-)

கடைக்காரருக்கு அது நஷ்டம். வாங்குபவருக்கு? அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலம் அது. கறுப்பின விவசாயி ஊர்க் கடைக்குப் போனால் வெள்ளையர்கள் வாங்கி முடிக்கும் வரை காத்து நிற்க வேண்டும். கடன் கொடுப்பதா, எந்தச் சரக்கைக் கொடுப்பது, என்ன விலை சொல்வது எல்லாமே கடைக்காரரின் மனம்போல நடக்கும். கேட்டலாக்கில் விலை அச்சிட்டிருந்தது. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான். கடிதம் எழுதுபவரின் தோல் நிறம் சிகாகோவில் உட்கார்ந்து உறையைப் பிரிப்பவருக்குத் தெரியாது. 'அந்தக் காலத்துக் கடை' எல்லோருக்கும் இனிமையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அச்சிட்ட விலை, பில் கேட்காத உத்தரவாதம். இரண்டும் ஆளைப் பார்த்து மாறாதவை. சியர்ஸின் உண்மையான சரக்கு இதுதான் என்பது என் கருத்து.

1993ல் சியர்ஸ் தன் பொதுக் கேட்டலாக்கை நிறுத்தியது. சரியாக அடுத்த வருடம், 1994ல், அமேசான் பிறந்தது! 2017ல் கிராஃப்ட்ஸ்மேன் பிராண்டையே சுமார் 90 கோடி டாலருக்கு ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனிக்கு விற்றார்கள். 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள் இன்றும் வேறு கடைகளில் விற்கின்றன. ஆனால் உடைந்த ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு போன அந்தக் கடைகள் ஏறக்குறைய எல்லாமே மூடிவிட்டன.

வாழ்நாள் உத்தரவாதம் என்று எதிலாவது எழுதியிருந்தால் யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். கருவியுடையதா, வாங்கியவருடையதா, கம்பெனியுடையதா? சியர்ஸ் கதையில் பல ஸ்பேனர்கள் கம்பெனியைவிட அதிக நாள் உழைத்துவிட்டன. உங்கள் வீட்டு டூல்ஸ் பெட்டியில் கிடக்கும் பழைய ஸ்பேனரைத் துடைத்து, அதில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள் நண்பர்களே. அந்தப் பெயர்க்காரர் இன்னும் கடை திறந்து வைத்திருக்கிறாரா?