பம்புசெட் காப்பு ரிலே

பம்புசெட் காப்பு ரிலே என்பது மும்முனை மின்சாரத்தில் இயங்கும் நீரேற்று மோட்டாரின் மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ கண்காணித்து, குறை ஏற்படும்போது எச்சரிக்கை விளக்கை எரியச் செய்து மோட்டாரை நிறுத்தும் கருவியாகும். எச்சரிக்கை எழுவது பெரும்பாலும் ரிலேயின் பழுதன்று; மின்வழங்கல், கிணறு, மோட்டார் ஆகியவற்றுள் ஒன்றிலுள்ள குறையையே அது உணர்த்துகிறது.

தமிழகப் பின்னணி

தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுகிறது. எனினும் எரிந்துபோன சுருளை மறுபடியும் கட்டும் செலவு உழவரையே சாரும். வேங்கிக்கால் அமைந்துள்ள திருவண்ணாமலை வட்டாரம் கடும்பாறைப் பகுதியாகும். இங்கு நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளில் தங்குவதால், கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நீரின்றி ஓடும் வாய்ப்பு மிகுதி.

எச்சரிக்கைகளும் காரணங்களும்

* முனை இழப்பு: ஃபியூஸ் போதல், கம்பி இணைப்புத் தளர்தல் ஆகியவற்றால் ஒரு முனை அற்றுப்போகிறது. அதே சுமையில் எஞ்சிய இரு முனைகளின் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகிறது.
* மின்னழுத்தச் சமமின்மை: மூன்று அளவீடுகள் 420, 410, 385 வோல்ட் எனில் சராசரி 405, மிகுந்த விலகல் 20, சமமின்மை ஏறத்தாழ 5%. மின்னோட்டச் சமமின்மை இதைப்போல் 6 முதல் 10 மடங்கு வரை இருக்கக்கூடும்.
* முனை வரிசை மாற்றம்: மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஏதேனும் இரு கம்பிகளை இடமாற்றினால் சரியாகும்.
* நீரற்ற ஓட்டம்: நீர் ஏறாதபோது சுமை குறைந்து மின்னோட்டமும் குறைகிறது. நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றிச் செல்லும் நீரே அதைக் குளிர்விப்பதால் இந்நிலை கேடானது.
* மிகைச்சுமை: மணல் அடைப்பு, தாங்கி இறுக்கம், குறைந்த மின்னழுத்தம் ஆகியவை காரணமாகலாம்.

பழுது கண்டறிதல்

முனை இழந்தும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், அற்றுப்போன முனையிலும் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆதலின் சோதனை விளக்கு மூன்றிலும் எரியக்கூடும். மின்னழுத்தத்தை மட்டும் உணரும் ரிலேயும் ஏமாறலாம். எனவே மின்னழுத்தத்தை மோட்டார் நின்ற நிலையிலும் அளத்தல் வேண்டும்.

மின்னோட்டம் சமமற்றிருப்பின், மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டாரின் மூன்று கம்பிகளையும் ஒவ்வோர் இடம் நகர்த்தி இணைத்து மீண்டும் அளக்க வேண்டும். சுழற்சித் திசை மாறாது. மிகை மின்னோட்டம் அதே வழங்கல் முனையில் நிலைத்தால் குறை மின்வழங்கலில் உள்ளது. மோட்டார் கம்பியுடன் நகர்ந்தால் குறை மோட்டாரிலோ கேபிளிலோ உள்ளது.

நீரற்ற ஓட்ட எச்சரிக்கை எழுந்தால் கிணற்றில் நீர் ஊறும்வரை காத்திருத்தல் வேண்டும். நீர் இருந்தும் எச்சரிக்கை தொடர்ந்தால் வடிகட்டி அடைப்பு, குழாய் உடைப்பு ஆகியவற்றைச் சோதிக்கலாம்.

ரிலேயைத் தவிர்த்து இணைத்தல்

பயிர் வாடும் வேளையில் சிலர் ரிலேயைத் தவிர்த்து நேராக இணைப்பதுண்டு. மோட்டார் ஓடும், ஆனால் குறை நீங்குவதில்லை. சுருளின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்தோறும் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலில் வழங்கும் பொதுவிதி. முனை இழப்பிலோ சில நிமிடங்களிலேயே சுருள் எரிந்துவிடக்கூடும்; அதன்பின் மோட்டாரைக் கிணற்றிலிருந்து வெளியே தூக்கியே பழுதுபார்க்க இயலும்.