மொழிபெயர்க்கும் சுருள்

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2 ஆம் நாள், கண்டி மாநகரின் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்திலே கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒரு சாரார் பேசிய மொழி மறு சாராருக்கு விளங்காது. சிங்களமொழியை முயன்று கற்றிருந்த ஜோன் டொயிலி என்னும் அதிகாரி இடையில் நின்றமையாலேயே பேச்சு நடந்தேறியது. வலிமை மிக்க இருவர் எதிரெதிரே இருப்பினும், இடையில் மொழிபெயர்ப்பாளன் இல்லையேல் காரியம் கைகூடாது. அரசியலுக்குரிய இவ்வுண்மை ஒலியியலுக்கும் பொருந்தும். வால்வுகளால் இயங்கும் கிற்றார் விரியலாக்கியின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

முதலில் இயற்கையை நோக்குவோம். நாதசுரத்தின் அடியிலே அணசு என்னும் விரிந்த வாய் உண்டு. கண்டிப் பெரகராவில் முழங்கும் ஹொரணைக்கும் அத்தகைய வாய் உண்டு. குறுகிய குழலில் அடங்கிய அதிர்வு பரந்த வெளியினுள் திடீரெனப் புகுமாயின், அதன் பெரும்பகுதி வெளியேறாது உள்ளேயே திரும்பிவிடும். வாய் படிப்படியாக விரியுமிடத்து அதிர்வு இலகுவாக வெளிச்செல்லும். மனிதச் செவியினுள்ளே செவிப்பறைக்கும் உட்செவித் திரவத்துக்கும் நடுவே மூன்று சிற்றென்புகள் செய்யும் பணியும் இதுவே. இதனை விஞ்ஞானிகள் தடங்கற் பொருத்தம் என்பர்.

மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சுற்றுக் காட்டும் எதிர்ப்பே மின்னியலில் தடங்கல் எனப்படும். அதன் அலகு ஓம் ஆகும். வெற்றிடக் குழாயாகிய வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தையும் சிறிய மின்னோட்டத்தையும் கையாள்வது. அது ஆயிரக்கணக்கான ஓம் கொண்ட சுமையையே விரும்பும். ஒலிபெருக்கியின் சுருளோ நீளங் குறைந்த கம்பியால் ஆனது. அதன் தடங்கல் 4, 8, 16 ஓம் என்னும் அளவினதே. இவ்விரண்டையும் நேரே இணைப்பின் வால்வின் ஆற்றலிற் பெரும்பகுதி வீணாகும். இங்கே மொழிபெயர்ப்பாளனாக வருவது வெளியீட்டு நிலைமாற்றி.

இதன் கணக்கு எளியது. நிலைமாற்றியின் முதற்சுருளில் துணைச்சுருளைப்போல் 20 மடங்கு சுற்றுகள் இருப்பின், தடங்கல் 20 இன் வர்க்கமாகிய 400 மடங்காகத் தோன்றும். 16 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் வால்வு 6,400 ஓம் சுமையைக் காணும். அதே முனையில் 8 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் 3,200 ஓமையே காணும். நிலைமாற்றிக்குத் தனக்கென ஒரு தடங்கலும் இல்லை. ஒருபுறத்தில் இருப்பதை மறுபுறத்துக்கு மாற்றி உரைப்பதே அதன் தொழில்.

இனி வரலாற்றை நோக்குவோம். 1904 இல் பிளெமிங் இருவாயி வால்வையும், 1906 இல் லீ டி பொரஸ்ட் மூவாயி வால்வையும் ஆக்கினர். 1925 இல் அமெரிக்கரான றைஸ், கெலொக் என்னும் இருவரும் அசையும் சுருளுடைய ஒலிபெருக்கியை உலகறியச் செய்தனர். அதே ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள், எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளரின் முயற்சியாற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. ஆகவே ஒலிபெருக்கியின் இன்றைய வடிவமும் இலங்கையின் வானொலியும் ஏறத்தாழ ஒரே வயதினவாகும்.

கண்டி நகருக்கு வால்வுக் கருவிகளின் பெருங்காலம் போருடன் வந்தது. 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறிப் பேராதனைப் பூங்காவில் அமைந்தது. பர்மாப் போர்முனைவரை சென்ற ஆணைகளுக்கு வால்வுகளே துணைநின்றன. படையினருக்கென எழுந்த சியாக் வானொலியின் கருவிகள் பின்னர் இலங்கை அரசின் கைக்கு மாறி, இலங்கை வானொலியின் வளர்ச்சிக்கு அடித்தளமாயின. அக்காலத்து வீட்டு வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தோர், ஒலிபெருக்கியின் அருகே இரும்புத் தகடுகளால் ஆன சிறு கட்டியொன்றைக் கண்டிருப்பர். அதுவே வெளியீட்டு நிலைமாற்றி.

திருவிழாக்களில் மரத்துக்கு மரம் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் மற்றொரு வழியைப் பின்பற்றின. தாழ்ந்த தடங்கலுடைய ஒலிபெருக்கிக்கு நீண்ட கம்பியினூடே மின்னை அனுப்பினால், ஆற்றலிற் கணிசமான பகுதி கம்பியிலேயே வெப்பமாகிவிடும். ஆதலால் விரியலாக்கியின் முழு வெளியீட்டை 100 வோல்ட் அளவுக்கு உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு கூம்பிலும் ஒரு சிறு நிலைமாற்றி வைத்து இறக்கும் முறை பரவியது. மேடும் பள்ளமுமான மலைநாட்டில் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குக் கம்பி இழுப்போருக்கு இம்முறை பெருந்துணையாயிற்று.

மின் கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குக் கொணர்ந்தவராகப் போற்றப்படுபவர், மலைநாட்டு ஹப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன. அவர் பங்குகொண்ட மூன்ஸ்டோன்ஸ் குழு 1966 இல் தோன்றியது. அதற்குள் மேனாடுகளிற் கிற்றார் விரியலாக்கி தனித்துறையாக வளர்ந்திருந்தது. அமெரிக்காவில் லியோ பெண்டரின் பாஸ்மன் விரியலாக்கி, 8 ஓம் கொண்ட நான்கு ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்து 2 ஓம் சுமையில் இயங்கியது. இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962 இல் அதனைத் தழுவித் தம் கருவியை உருவாக்கினார். அவருடைய பெட்டியில் நான்கு ஒலிபெருக்கிகள் இரண்டிரண்டாகத் தொடரிலும், அவ்விணைகள் சமாந்தரமாகவும் பூட்டப்பட்டன. அவ்வாறு பூட்டும்போது மொத்தத் தடங்கல் தனியொன்றின் தடங்கலுக்குச் சமமாகும்.

இங்கேதான் வரலாறு ஒரு புதிய திருப்பத்தைக் காண்கிறது. வானொலிப் பொறியியலாளர் பொருத்தத்தைத் தேடியது, மூல ஒலியைப் பிசகாது தருதற்பொருட்டு. கிற்றார்க் கலைஞரோ அப்பொருத்தத்தின் குறையிலேயே இனிமையைக் கண்டனர். பெயர்ப்பலகையில் 8 ஓம் என்றிருப்பினும் ஒலிபெருக்கியின் தடங்கல் எல்லா மீடிறனிலும் ஒன்றன்று. கிற்றார் ஒலிபெருக்கியின் பரிவு பெரும்பாலும் விநாடிக்கு 75 முதல் 100 வரையான அதிர்வுகளில் நிகழும்; கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 அதிர்வுகளைத் தருவது. அவ்விடத்தில் தடங்கல் பன்மடங்கு உயரும். மேற்சுரங்களை நோக்கிச் செல்லச்செல்ல மீண்டும் உயரும். பின்னூட்டல் குறைந்த வால்வு விரியலாக்கி, தடங்கல் உயருமிடமெல்லாம் கூடுதலான மின்னழுத்தத்தைத் தரும். ஆகவே அடிச்சுரம் உருண்டு திரண்டும், உச்சச்சுரம் பளிச்சென்றும் ஒலிக்கும். வலிய பின்னூட்டலுடைய திரான்சிஸ்டர் கருவியில் இவ்வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடும். வால்வின் ஒலி உயிருள்ளது என்று கலைஞர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பொருத்தம் தவறினாற் சுரபேதமும் உண்டு, ஆபத்தும் உண்டு. குறித்ததிலும் தாழ்ந்த தடங்கலை இணைத்தால் வால்வினூடே மின்னோட்டம் மிகும்; வெளியீடு குறையும்; வால்வு சூடேறி அதன் ஆயுள் சுருங்கும். குறித்ததிலும் உயர்ந்த தடங்கலை இணைத்தால் மின்னழுத்தம் விரைவில் எல்லையைத் தொட்டு, அலையின் முடி வெட்டுண்டு, மேற்றொனிகள் மிகும்; ஒலி கரகரக்கும். இருமடங்கு வேற்றுமையைப் பல கருவிகள் தாங்கும் என்பர். எனினும் ஒலிபெருக்கியையே கழற்றிவிட்டு வால்வுக் கருவியை உரக்க இயக்குவது பெருந்தவறு. சுமையற்ற நிலைமாற்றியில் எழும் மிகையான மின்னழுத்தம் அதன் காவலியைத் துளைத்துவிடும். இசைக்குழுவொன்றின் பிழைப்பு ஒரு கம்பியின் கவனக்குறைவால் ஒரே இரவில் முடங்கக்கூடும். திரான்சிஸ்டர் கருவிக்கு நியதி நேர்மாறானது: வெறும் முனை அதற்குத் தீங்கன்று, மிகத் தாழ்ந்த தடங்கலே பகை. ஒன்றிற் பழகிய கை மற்றதில் அவ்வாறே நடப்பின் கேடு விளையும்.

1964 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. அன்றுமுதல் தடங்கற் கணிதம் மகாவலியின் கரையிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றது. திரான்சிஸ்டர் வந்து வால்வை வானொலிப் பெட்டியிலிருந்து அகற்றிவிட்டது. கிற்றார் மேடையிலோ வால்வு இன்றும் ஒளிர்கின்றது. அதனைப் பேணுவோர் கருவியின் பின்புறத்தில் 4, 8, 16 என எழுதப்பட்ட முனைகளை ஒருமுறை உற்றுநோக்கிய பின்னரே ஆளியைத் தட்டுதல் வேண்டும். வழங்குவோன் எத்துணை வலியவனாயினும், கொள்வோனின் இயல்பறிந்து வழங்கினாலன்றி அவ்வலிமை செவிக்கு எட்டாது.